இரண்டு கொம்புள்ள புதினா

துளசியை யாரும் மரம் என்று சொல்வதில்லை. புதர் என்றும் சொல்வதில்லை. செடி என்போம், அவ்வளவுதான். ஆனால் நாலைந்து வருஷம் ஒரே இடத்தில் நின்ற துளசியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். அடித்தண்டு நல்ல கட்டை, கையால் ஒடிக்க வராது. துளசிமணி மாலை கடைவது அந்தக் கட்டையில்தான். அதே செடியின் நுனியோ நகத்தால் கிள்ளி எடுக்கும் அளவுக்கு இளசு. அடி மரம், நுனி செடி. இரண்டும் ஒரே உடம்பில்.

தாவரவியலில் இதற்குத் தனிப் பெயர் உண்டு: சப்-ஷ்ரப். தமிழில் அரைப்புதர் என்று வைத்துக்கொள்கிறேன். அடிப்பகுதி மட்டும் கட்டையாகி ஆண்டுக்கணக்கில் நிற்கும், மேலே உள்ள பச்சைத் தண்டுகள் வளர்ந்து, பூத்து, காய்ந்து போகும், மறுபடி அடியிலிருந்து துளிர்க்கும். நம் வீட்டு நித்தியகல்யாணியும் இந்த ரகம்தான். வறட்சியான, சத்தில்லாத நிலத்துக்கு இது நல்ல ஏற்பாடு. மொத்த உடம்பையும் மரமாக்கும் செலவு இல்லை. ஒவ்வொரு வருஷமும் விதையிலிருந்து தொடங்க வேண்டிய அவஸ்தையும் இல்லை.

கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருப்பது துளசிக் குடும்பத்தில் பிறந்த ஓர் அரைப்புதரைப் பற்றி. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஹைலண்ட்ஸ் கவுண்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. உலகத்திலேயே அந்த ஒரு கவுண்டிக்குள், அதிலும் சில மணல்மேடுகளில் மட்டும் வளரும் செடி இது. அங்கே ஸ்க்ரப் மின்ட் என்கிறார்கள், புதர்க்காட்டுப் புதினா. அறிவியல் பெயர் டைசெராண்ட்ரா ஃப்ரூடெசென்ஸ். லாயிட் ஷின்னர்ஸ் என்ற தாவரவியலாளர் 1962-ல் வைத்த பெயர். ‘ஃப்ரூடெசென்ஸ்’ என்றால் புதராகிக்கொண்டிருப்பது என்று அர்த்தம். அரைப்புதர் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார். ‘டைசெராண்ட்ரா’ கிரேக்கம்: இரண்டு, கொம்பு, ஆண். இரண்டு கொம்புள்ள ஆண். பூவில் மகரந்தம் சுமக்கிற ஆண் உறுப்பில் நிஜமாகவே இரண்டு கொம்பு இருக்கிறது. அந்தக் கொம்புதான் என்னை இந்தச் செடிப் பக்கம் இழுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நிலம்.

ஃப்ளோரிடாவின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மணல் முதுகு ஓடுகிறது. பெயர் லேக் வேல்ஸ் ரிட்ஜ். நீளம் 150 கிலோமீட்டருக்கும் மேல், அகலம் ரொம்பக் கம்மி. பல லட்சம் வருஷங்களுக்கு முன் கடல் மட்டம் இப்போதைவிட உயரமாக இருந்த காலங்களில் ஃப்ளோரிடாவின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருந்தது. இந்த முதுகு மட்டும் தீவுகளாகத் தலைநீட்டிக்கொண்டு நின்றது. தீவில் மாட்டிக்கொண்ட உயிர்கள் தனித்தனியாக மாறும், அது தெரிந்த கதைதான். கடல் வடிந்து போனது. தீவு இன்று தீவாக இல்லை. ஆனால் அங்கே உருவான செடிகளும் பூச்சிகளும் இன்னமும் அந்த மணலைவிட்டு இறங்கவில்லை. வேறெங்கும் இல்லாத செடிகள் இந்த முதுகில் டஜன் கணக்கில் உண்டு.

மணல் என்றால் வெறும் மணல்தான். மழை பெய்த கையோடு தண்ணீர் கீழே போய்விடும், சத்தையும் கூட அடித்துக்கொண்டு போய்விடும். அதில் வளர்வது ஆளுயரத்துக்கும் குறைவான குட்டை ஓக் புதர்கள். இடையிடையே வெற்று மணல் திட்டுகள். நம் செடிக்கு வேண்டியது அந்தத் திட்டுதான். மஞ்சள் மணல், நேர் வெயில், பக்கத்தில் நிழல் போட ஆள் இல்லாத இடம்.

சரி, செடியின் உடம்பு. உயரம் அரை மீட்டர் வரைக்கும். அடிப்பகுதி கட்டையாகித் தரையோடு படர்ந்திருக்கும். அதிலிருந்து நேராகப் பல தண்டுகள் கிளம்பும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக. ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த ஜோடி வடக்கு தெற்கு. துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாவற்றிலும் நாம் பார்க்கிற அதே குடும்ப அடையாளம். ஆனால் இலையின் உருவம் வேறு. நீளம் ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர், அகலம் 2 அல்லது 3 மில்லிமீட்டர், நுனி மழுங்கல். சட்டென்று பார்த்தால் புதினா ஞாபகமே வராது. புதினா இலையைத் தையல்காரர் ஓரம் பிடித்து இறுக்கிச் சுருக்கியது மாதிரி இருக்கும். நேர் வெயிலும் வறண்ட மணலும் உள்ள இடத்தில் அகலமான இலை என்பது ஆடம்பரம். தண்ணீர் அவ்வளவும் அது வழியாகப் போய்விடும்.

மூக்குக்குத்தான் இது புதினா. இலையைக் கசக்கினால் மணம் தூக்கும். கசக்காமல் நின்றால் அவ்வளவு இல்லை. இந்த வித்தியாசம் சாதாரண விஷயம் இல்லை என்று கண்டவர் தாமஸ் ஐஸ்னர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், பூச்சிகள் ரசாயனத்தை வைத்து எப்படிச் சண்டை போடுகின்றன என்பதை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். ஆர்ச்போல்ட் ஆய்வு நிலையம் 1941-ல் இருந்து இந்த மணல் முதுகின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே அவர் பார்த்தது இந்தச் செடியின் இலைகளில் பூச்சி கடித்த தழும்பு அநேகமாக இல்லை என்பதை. எதைப் பார்த்தாலும் ‘இதை ஏன் யாரும் தின்னவில்லை?’ என்று கேட்கிற மனுஷன் அவர். கசக்கினார், முகர்ந்தார், ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனார்.

அவரும் ஜெரால்ட் மைன்வால்ட் என்ற வேதியியலாளரும் மற்றவர்களும் சேர்ந்து 1990-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இலையில் நுண்ணிய எண்ணெய்ச் சிமிழ்கள் இருக்கின்றன. உள்ளே டெர்பீன் வகை எண்ணெய்களின் கலவை. அதில் முக்கியமானது டிரான்ஸ்-புலெகால் என்ற பொருள். எறும்புகளை இது விரட்டுவது சோதனையில் தெரிந்தது. சிமிழ் உடையாதவரை எண்ணெய் உள்ளேயே இருக்கும். ஏதாவது ஒன்று வாய் வைத்துக் கடிக்கும்போது சிமிழ் உடைந்து, கடித்தவன் வாயிலேயே கொட்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சிக்கனம். எண்ணெயைக் காற்றில் விட்டுக்கொண்டே இருந்தால் எதிரி வராத நாளிலும் செலவு. இங்கே செலவு தாக்குதல் நடந்த இடத்தில், தாக்குதல் நடந்த நிமிஷத்தில் மட்டும். சத்தில்லாத மணலில் ஓர் இலையை இழந்தால் அதைத் திரும்ப உண்டாக்குவது கஷ்டம். வளமான மண்ணில் நிற்கிற செடி, போனால் போகட்டும், இன்னொன்று விடலாம் என்று இருக்கலாம். இது அப்படி இருக்க முடியாது. காவலுக்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும். அதையும் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

காவல் முழுசாகப் பலிக்கிறது என்று சொல்ல முடியாது. பைராஸ்டா பனோபியாலிஸ் என்ற சிறு அந்துப்பூச்சியின் புழு இந்த எண்ணெயைப் பொருட்படுத்தாமல் இலையைத் தின்கிறது. எந்தப் பூட்டுக்கும் ஒரு திருடன் பிறப்பான். ஊரில் எருக்கம் இலையை ஆடு மாடு தொடாது, ஆனால் அதில் வரிவரியாக ஒரு புழு மொய்த்துக் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதே கதை.

ஐஸ்னர் இந்தச் செடியை வைத்து ஒரு வாதம் செய்தார். 1962-ல்தான் பெயர் கிடைத்த செடி. 1985-ல் அழியும் நிலையில் உள்ளது என்று அமெரிக்க மத்திய அரசின் பட்டியலில் ஏறியது. அதற்கும் ஐந்து வருஷம் கழித்துத்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்றே தெரிந்தது. நடுவில் அழிந்து போயிருந்தால்? ஆகவே அழியப்போகும் உயிர்களில் பயனுள்ள ரசாயனங்களைத் தேட வேண்டும், அந்தப் பயனே அவற்றைக் காப்பாற்றக் காரணமாகும் என்பது அவர் கட்சி. எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். எறும்பை விரட்டத் தெரியாத ஓர் அபூர்வச் செடிக்கு அப்புறம் என்ன கதி? பயன் சொல்லித்தான் உயிர் பிழைக்க வேண்டும் என்றால் அந்த மணல் முதுகில் பாதிச் செடிக்கு நாளைக்கே ஜாமீன் கிடைக்காது. ஆனால் அவருடைய வேலைமுறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். செடி பக்கத்தில் போய் நின்று, இலையைக் கசக்கி, மூக்கில் வைத்துப் பார்த்தார். இந்த மூக்கு விஷயம் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

இப்போது பூ. ஓரளவுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்காலம். இலைக்கணுக்களில் ஜோடியாகப் பூக்கும். ஒரு பூ சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். குழல் வடிவம், முன்பக்கம் இரண்டு உதடாகப் பிளந்திருக்கும். மேலுதட்டில் இரண்டு மடல், கீழுதட்டில் மூன்று. தும்பைப்பூவைக் கவனித்தவர்களுக்கு இந்த உதட்டு அமைப்பு புரியும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் இளஞ்சிவப்பு, மேலே ஊதா கலந்த ரோஜா நிறத்தில் புள்ளிகள். மை பேனாவை உதறியது போல.

பூவுக்கு வெளியே நான்கு மகரந்தத் தாள்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மகரந்தப்பை. அந்தப் பை இரண்டு அறையாகப் பிரிந்திருக்கும், ஒவ்வோர் அறையின் முனையிலும் கூர்மையான ஒரு சின்ன முள். அதுதான் கொம்பு. ஆக ஒரு பைக்கு இரண்டு, ஒரு பூவுக்கு எட்டு.

கொம்பு எதற்கு? வெறும் அழகுக்கு என்று நினைத்தால் அது இல்லை. ஆர்ச்போல்ட் நிலையத்தைச் சேர்ந்த மார்க் டேய்ரப்பும் எரிக் மெங்கஸும் யார் இந்தப் பூவுக்கு வருகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்து, 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முக்கியமான விருந்தாளி தேனீ இல்லை. எக்ஸ்ப்ரோசோபா ஃபாசியேட்டா என்ற ஓர் ஈ. பார்க்கத் தேனீ மாதிரி ரோமமும் பட்டையும் இருக்கும், ஆனால் இறக்கை ஒரு ஜோடிதான். இந்த ஈ பூவிடம் வரும்போது அதன் உடம்பு கொம்பில் படுகிறது. கொம்பு தட்டப்பட்டதும் பை அசைந்து மகரந்தம் ஈயின் மேல் உதிர்கிறது. கொம்பு ஒரு விசை. தொட்டால்தான் வேலை செய்யும், தொடாதபோது சரக்கு பத்திரமாக உள்ளே.

இலையில் பார்த்த அதே யோசனைதானே இது? எண்ணெயும் தொட்டால்தான் வெளியே வரும், மகரந்தமும் தொட்டால்தான். ஒன்று எதிரிக்கு, ஒன்று விருந்தாளிக்கு. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரமும் வேண்டும். படிக்கும்போது மனசில் பட்டது, எழுதிவைக்கிறேன்.

இந்தச் செடியின் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆனாலும் யாராவது வந்து தட்டிவிட்டால்தான் காரியம் நடக்கும். அப்படியென்றால் ஈ வேண்டும். இந்த ஈயின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் புழுப் பருவத்தில் வேறு பூச்சிகளின் புழுக்களைத் தின்று வளர்பவர்கள். ஈ வேண்டுமென்றால் அந்தப் பூச்சிகளும் வேண்டும், அவை கூடுகட்ட இடமும் வேண்டும். தொட்டியில் நாலு செடியைப் பத்திரப்படுத்திவிட்டு ‘காப்பாற்றிவிட்டோம்’ என்று கையைத் தட்ட முடியாததற்கு இது ஒரு காரணம்.

பூவுக்கு அப்புறம் விதை. துளசிக் குடும்ப வழக்கப்படி ஒரு பூவுக்கு அதிகபட்சம் நான்கு விதைகள். இறக்கை கிடையாது, பஞ்சு கிடையாது, பறவை தின்கிற பழமும் கிடையாது. பெரும்பாலும் தாய்ச்செடி காலடியிலேயே விழும். ஒரு மணல்மேட்டிலிருந்து அடுத்த மணல்மேட்டுக்குப் போக இந்தச் செடியிடம் வண்டி இல்லை. அபூர்வமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது உடம்பு. இனி சொல்லப்போவதுதான் நான் இந்தக் குறிப்பை எழுதக் காரணம்.

1985-ல் பட்டியலில் ஏறிய செடிகள் எல்லாமே ஒரே இனம் என்றுதான் அப்போது நினைத்திருந்தார்கள். வடக்கே ஸெப்ரிங் என்ற ஊர்ப்பக்கம் ஒரு கூட்டம், தெற்கே லேக் பிளாசிட் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் சில பத்து கிலோமீட்டர் இடைவெளி. இரண்டும் அரைப்புதர். இரண்டுக்கும் ஒடுக்கமான இலை, புள்ளி போட்ட பூ, கொம்புள்ள மகரந்தப்பை. ராபின் ஹக் என்ற தாவரவியலாளர் இந்தப் பேரினத்தையே தன் வேலையாக எடுத்துக்கொண்டவர். 1989-ல் அவரும் கூட்டாளிகளும் ஸெப்ரிங் கூட்டத்தைத் தனி இனமாகப் பிரித்தார்கள். பெயர் டைசெராண்ட்ரா கிறிஸ்ட்மனி. ஸ்டீவன் கிறிஸ்ட்மன் என்ற ஆய்வாளர் நினைவாக வைத்தது.

எதை வைத்துப் பிரித்தார்கள்? இரண்டு அடையாளங்கள் எல்லோரும் சொல்வது. ஒன்று மகரந்தப்பையின் நிறம். ஸெப்ரிங் செடியில் பளிச்சென்ற மஞ்சள். தெற்கத்திச் செடியில் மஞ்சள் கிடையாது, வெள்ளையிலிருந்து ஊதா வரை. இன்னொன்று மணம். தெற்குச் செடியைக் கசக்கினால் புதினா. ஸெப்ரிங் செடியைக் கசக்கினால் யூகலிப்டஸ், நம்ம நீலகிரித் தைலம்.

இதை முதலில் படித்தபோது ‘என்னடா இது, இவ்வளவுதானா?’ என்றுதான் தோன்றியது. அப்புறம் யோசித்தால் விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. தாவரவியலில் செடியை அடையாளம் காண்பது பெரும்பாலும் உலர்மாதிரிகளை வைத்து. செடியைப் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, தேதியும் ஊரும் எழுதி அலமாரியில் வைப்பார்கள். இலையின் நீளம், அகலம், முடி, காம்பு எல்லாம் நூறு வருஷம் கழித்தும் அளக்கலாம். அற்புதமான ஏற்பாடு. ஆனால் காய்ந்தால் போகிற இரண்டு விஷயம் எவை? நிறமும் மணமும். ஒரு இனமா, இரண்டு இனமா என்று தீர்மானிக்கிற இரண்டு அடையாளமும் சரியாக அந்த அலமாரிக்குள் மங்கிப்போகிற அடையாளங்களாக இருக்கின்றன. பூக்கிற மாதத்தில் உயிரோடு நிற்கும் செடி முன்னால் ஒருவர் குனிந்து, உற்றுப் பார்த்து, இலையைக் கசக்கினால்தான் இது தெரியும். அதுவும் ஒரு மேட்டில் கசக்கிவிட்டு, வண்டி ஏறிப் போய் அடுத்த மேட்டிலும் கசக்க வேண்டும்.

சேகரிப்பவர்கள் சீட்டில் பூவின் நிறம், வாசனை என்று நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இந்தச் செடியை வைத்துத்தான் புரிந்தது.

இந்தப் பிரிவினைக்குச் சட்டத்தில் ஒரு விளைவு உண்டு. அமெரிக்காவின் 1973-ஆம் வருஷத்து அழியும் உயிரினங்கள் சட்டம் பட்டியலில் உள்ள பெயரைத்தான் காக்கிறது. மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். தரவுத்தளத்தில் ஒரு பதிவை இரண்டாகப் பிரித்தால், அனுமதிகள் பழைய எண்ணோடு போய்விடும். புதிய எண்ணுக்கு யாராவது எழுந்து போய் மறுபடி கொடுக்க வேண்டும். இங்கேயும் அதே நிலைமை. நேற்றுவரை பட்டியலில் இருந்த ஸெப்ரிங் செடிக்கு இன்று வேறு பெயர், அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. நல்லவேளையாக அதே 1989-லேயே புதிய பெயரையும் பட்டியலில் சேர்த்துத் திருத்தம் வெளியிட்டார்கள்.

பட்டியலில் சேர்ந்தது காகித வேலை. தரையில் நிலைமை வேறு. முதலில் ஒரே இனம் என்று எண்ணி, ‘வடக்கே கொஞ்சம் தெற்கே கொஞ்சம் இருக்கிறது’ என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருக்கலாம். பிரித்த பிறகு அந்த ஆறுதல் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக அபூர்வம். வடக்கு அழிந்தால் தெற்கை வைத்து ஈடுகட்ட முடியாது. கிறிஸ்ட்மனி இருப்பது ஸெப்ரிங் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும். அந்த மணல் முதுகில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆரஞ்சுத் தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் போய்விட்டது. தண்ணீர் தேங்காத மேடு என்றால் ஆரஞ்சுக்கும் பிடிக்கும், வீடு கட்டுகிறவர்களுக்கும் பிடிக்கும். செடிக்கும் அதுதான் பிடிக்கிறது, அதுதான் சிக்கல். 1993-ல் லேக் வேல்ஸ் ரிட்ஜ் தேசிய வனவிலங்குப் புகலிடம் என்று ஒன்றை அரசு ஏற்படுத்தியது. பெயரில் வனவிலங்கு இருந்தாலும் முக்கியமாகச் செடிகளுக்காக. அதன் ஒரு துண்டு ஸெப்ரிங் பக்கத்தில் இருக்கிறது, கிறிஸ்ட்மனி அங்கே வளர்கிறது.

கதை அதோடு நிற்கவில்லை. 2001-ல் அதே ராபின் ஹக், இன்னும் வடக்கே போல்க் கவுண்டியில் உள்ள ஒரு கூட்டத்தைத் தெற்குச் செடியின் துணையினமாக விவரித்தார். ‘மொடெஸ்டா’ என்று பெயர், அடக்கமானது. 2008-ல் அதையும் தனி இனமாக உயர்த்தினார்கள். அதற்கு அப்புறம்தான் ஃப்ரூடெசென்ஸ் என்ற பெயருக்குக் கீழே ஹைலண்ட்ஸ் கவுண்டிச் செடிகள் மட்டும் மிஞ்சின. தொடக்கத்தில் ‘ஒரே கவுண்டிக்குள் வளரும் செடி’ என்று சொன்னேனே, அந்த வரியே இந்தப் பிரிவினைகளால் வந்தது.

இந்தச் சொந்தக்காரச் செடிகளின் பெயர்களைப் பார்த்தால் பல பெயர்கள் உடம்பை வைத்து அல்லது இருக்கும் இடத்தை வைத்துத்தான். ‘கார்னுடிசிமா’ என்று ஒன்று, கொம்பு ரொம்பவும் உள்ளது. ‘இமாக்குலேட்டா’ என்று ஒன்று, மாசற்றது. அதாவது பூவில் புள்ளி இல்லாதது. ‘தினிகோலா’, மணல்மேட்டில் குடியிருப்பது. எல்லாமே ஃப்ளோரிடாவில், ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலையில். கொம்பு நீளமா, புள்ளி உண்டா இல்லையா, என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டே போனால் எந்த மூலையில் நிற்கிறோம் என்றே சொல்லிவிடலாம்.

கடைசியாக நெருப்பு. இதைச் சொல்லாமல் இந்த உடம்பு முழுசாகாது.

அடிக்கட்டை உள்ள செடி தீயில் கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும் என்று எதிர்பார்ப்போம். பக்கத்திலேயே இருக்கும் ஓக் புதர்கள் அப்படித்தான் செய்கின்றன. மேலே எரிந்து போனால் கீழேயிருந்து கிளம்பிவிடும். இந்தப் புதினா அப்படிச் செய்வதில்லை. தீ வந்தால் செத்துவிடும், கட்டையோடு. அரைப்புதராக இருப்பதன் லாபம் வறட்சிக்குத்தான், தீக்கு இல்லை. தீக்குப் பிறகு வருவது மண்ணுக்குள் படுத்திருக்கும் விதைகளிலிருந்து புதிய தலைமுறை.

கொல்கிற தீதான் வாழவும் வைக்கிறது. தீயே வராமல் இருந்தால் ஓக் புதர்கள் வளர்ந்து வெற்று மணல் திட்டுகளை மூடிவிடும், நிழல் விழும், புதினா மெலிந்து குறையும். ரொம்ப சீக்கிரம் சீக்கிரமாகத் தீ வந்தாலோ, மண்ணுக்குள் போதிய விதை சேருவதற்குள் அடுத்த அழிவு வந்துவிடும். அப்படியென்றால் எத்தனை வருஷத்துக்கு ஒரு தீ? மெங்கஸ் குழுவினர் செடி செடியாக எண்ணி, எது பிழைத்தது, எது பூத்தது, எத்தனை நாற்று வந்தது என்ற கணக்கை வைத்து மாதிரி ஓட்டிப் பார்த்தார்கள். 2006-ல் வந்த அவர்கள் கட்டுரை சொல்லும் விடை, 6 முதல் 21 வருஷத்துக்கு ஒருமுறை. 2010-ல் மார்கரெட் எவன்ஸும் கூட்டாளிகளும் இதே செடியின் தரவுகளைப் பேயீசியன் முறையில் மறுபடி அலசினார்கள். கணக்குப் பிரியர்களுக்கு அது நல்ல வாசிப்பு.

ஆனால் இடம் துண்டு துண்டாகிப் போன பிறகு தீ தானாக வராது. மின்னல் விழுந்து பற்றும் தீ ரோடு, தோட்டம், வீடு என்று வரும்போது நின்றுவிடும், அல்லது அணைத்துவிடுவார்கள். ஆகவே ஆள் வைத்துத்தான் கொளுத்த வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புகை யார் வீட்டுக்குப் போகும் என்றெல்லாம் பார்த்து, அனுமதி வாங்கி, தண்ணீர் வண்டி நிறுத்தி, ஒரு பாத்தியைப் போல அளந்து எரிப்பார்கள். சுற்றிலும் வீடு இருக்கும் சின்னத் துண்டுகளில் இதுவும் சுலபம் இல்லை.

தீ பரவாமல் தடுக்கக் காட்டுக்குள் மண்ணைச் சுரண்டி வெற்றுப் பாதை போடுவார்கள், தீத்தடுப்புக் கோடு. அந்தக் கோடுகளின் ஓரத்தில் இந்தப் புதினா நன்றாகவே வளர்கிறது. வெயில், வெற்று மணல், நிழல் போட ஓக் இல்லை, அதற்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. ஆர்ச்போல்ட் ஆட்கள் 1988-லிருந்து செடிகளுக்கு அடையாளம் போட்டு, வருஷா வருஷம் அதே இடத்துக்குப் போய், அதே செடி இருக்கிறதா, எத்தனை தண்டில் பூத்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். மேலே சொன்ன 6, 21 என்ற இரண்டு எண்களும் அப்படிக் குனிந்து எண்ணியதிலிருந்து வந்தவை.